கிணற்று நீச்சல்

டாட்டா ஏஸில் படகு வந்து இறங்கியபோது தெருவே வெளியே வந்து நின்றது. 2022, ஆடி மாதம். வண்டிக்கு வெளியே நான்கு அடி நீட்டிக்கொண்டிருந்த முனையில் டிரைவர் சிவப்புத் துணி கட்டியிருந்தார். காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. கொச்சியில் ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கிய படகு. ஆரஞ்சு நிறம், 11 அடி நீளம், 42 கிலோ எடை. நடுவில் சைக்கிள் பெடல்.

எதிர்வீட்டு மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "ஏனுங் மாப்ள, நல்லதங்காள் ஓடை டேமுல தண்ணி உட்டுட்டாங்களா? எனக்கு ஒருத்தருமே சொல்லலீங்களே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

மூலனூரைத் தெரியாதவர்களுக்கு மாமாவின் நக்கல் புரியாது. தாராபுரத்திலிருந்து கரூர் போகும் சாலையில் இருக்கிற ஊர் எங்களுடையது. கிளுவை வேலிக்குள் வெள்வேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லுமாகக் கிடக்கும் கொறங்காடுகள், சொட்டுநீரில் நிற்கும் முருங்கை, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம், விடிகாலையில் திருப்பூர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்கள். இல்லாதது தண்ணீர். இருப்பது காற்று. வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, சுற்றுவட்டாரத்துக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, எங்கள் வீட்டு ஜன்னல்களையும் அடித்துவிட்டுக் கிழக்கே போகும். அது கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று நாற்பத்து நான்கு வயது வரை நான் யோசித்ததில்லை.

படகு வாங்கிய காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடம் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்று வைத்திருந்தேன். பதினான்கு மெஷின்கள். திருப்பூரிலிருந்து வெட்டிய துணி வரும், தைத்து அனுப்புவோம். கொரோனா முடிந்து நிமிர்வதற்குள் நூல் விலை ஏறியது. பெரிய கம்பெனிகளே தடுமாறிய வருடம் அது. எங்களைப் போன்றவர்களுக்கு வேலை நின்றுபோனது. ஓவர்லாக், பிளாட்லாக் எல்லாவற்றையும் விற்றுக் கடனை அடைத்தேன். ஒரே ஒரு ஜிக்ஜாக் மெஷினை மட்டும் யாரும் கேட்கவில்லை. அது வீட்டுத் திண்ணைக்கு வந்தது. நான் திருப்பூரில் ஒரு கம்பெனியில் க்யூசி வேலைக்குச் சேர்ந்தேன். கடன்போகக் கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அன்று இரவு மனைவி கேட்டாள். "இது எத்தன மெஷின் காசுங்க?"

"ரெண்டு ஓவர்லாக்."

அவள் வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

*

மீன் பிடிப்பது எனக்குப் பழைய பழக்கம். அமராவதியில் தண்ணீர் வரும் நாட்களில் தாராபுரம் பக்கம் போய்த் தூண்டில் போட்டு ஜிலேபியும் கெளுத்தியும் பிடிப்பேன். யூனிட் நடந்த காலத்தில் ஆஸ்திரேலிய பையர் ஒருவர் தன் மீன்பிடி வீடியோவை அனுப்பியிருந்தார். கடலில் ஒருவர் நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து பெடல் மிதிக்கிறார். படகு போகிறது. கை இரண்டும் தூண்டிலில் இருக்கின்றன. அந்தக் காட்சி என் மண்டையில் ஏறிக்கொண்டது. துடுப்புப் போடுகிறவனுக்குக் கை ஓயாது. மீன் கடிக்கும்போது துடுப்பை வைத்துவிட்டுத் தூண்டிலை எடுக்க வேண்டும், அதற்குள் காற்று படகைத் திருப்பிவிடும். காலால் மிதித்தால் அந்தச் சிக்கல் இல்லை. கையைவிடக் காலுக்குப் பலமும் அதிகம்.

இந்த வகைப் படகுகளைப் பரவலாக்கியது ஹோபி என்ற அமெரிக்க நிறுவனம். 1997இல் மிராஜ் டிரைவ் என்ற பெடல் அமைப்பைக் கொண்டுவந்தார்கள். கிரெக் கெட்டர்மன் என்பவர் வடிவமைத்தது. அதில் சுழலும் விசிறி கிடையாது. படகின் அடியில் இரண்டு ரப்பர் துடுப்புகள் பென்குவினின் இறக்கைகள்போல இடமும் வலமும் வீசும். என்னுடையது சீனாவில் செய்த மலிவான வகை. சைக்கிள்போலச் சுற்றி மிதித்தால் கீழே ஒரு விசிறி சுழலும். முன்னால் மிதித்தால் முன்னால், பின்னால் மிதித்தால் பின்னால். கடல்பாசி இருக்கும் இடத்தில் விசிறியில் சுற்றிக்கொள்ளும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்த ஹோபி நிறுவனத்தின் கதையைத் தேடிப் படித்தபோது ஒரு வேடிக்கை. அதைத் தொடங்கிய ஹோபி ஆல்டர் கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்தவர். 1968இல் 14 அடி நீளத்தில் இரட்டை உடல் கொண்ட ஒரு பாய்ப்படகைச் செய்து விற்றார். அதற்குப் பெயர் ஹோபி கேட். கேட் என்றால் பூனையல்ல, கேட்டமரான். நம் கட்டுமரம். 1697இல் வெளிவந்த பயண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. இரட்டை உடல் படகோ பசிபிக் தீவுக்காரர்களுடையது. பெயர் ஒரு கடலிலிருந்தும் உருவம் இன்னொரு கடலிலிருந்தும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்து இதைப் படித்த எனக்கு, இந்தச் சொல்லின் பேரில் கொஞ்சம் உரிமை இருப்பதுபோலத் தோன்றியது. அந்த எண்ணம்தான் பாய் கட்டும் ஆசையில் கொண்டுபோய் விட்டது.

*

எங்கள் உறவினர் ஒருவரின் முருங்கைக் காட்டில் பண்ணைக்குட்டை இருக்கிறது. பிளாஸ்டிக் ஷீட் விரித்து, போர் தண்ணீரைத் தேக்கிவைத்துச் சொட்டுநீருக்கு விடுவார். முப்பது மீட்டர் நீளம் இருக்கும். படகை முதலில் மிதக்க விட்டது அங்கேதான். இருபது மிதியில் அக்கரை வந்துவிடும். திரும்ப வேண்டும். நான் குட்டையில் சுற்றிச் சுற்றி வர, கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், "செக்காட்டற மாதிரியே இருக்குது சாமி" என்றார்.

மற்ற நேரமெல்லாம் படகு எங்கள் வாசலில் இரண்டு மர ஸ்டூல்களின்மேல் கிடந்தது. வேலைவிட்டு வந்ததும் அதில் எதையாவது செய்துகொண்டிருப்பேன். இந்தப் படகுகளும் தண்ணீர்த் தொட்டிகளும் ஒரே முறையில் செய்யப்படுபவை. பாலிஎத்திலின் பொடியை அச்சுக்குள் போட்டு, சூடாக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்சுவரில் உருகி ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. உருக்கித்தான் ஒட்ட வேண்டும். அடிப்பக்கம் இருந்த ஒரு கீறலைத் தாராபுரத்தில் தொட்டி ஒட்டும் ஒருவர் ஹாட் ஏர் கன்னை வைத்துச் சரிசெய்து கொடுத்தார். "எந்த மாடித் தொட்டிங்க இது?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

தூண்டில் செருகப் பிவிசி குழாய்கள். மீன் போட பழைய தெர்மாகோல் பெட்டி. சொட்டுநீர்ச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய 110 மில்லிமீட்டர் குழாய் இரண்டு. இரு முனையிலும் மூடி ஒட்டி, அலுமினியக் கம்பி கொடுத்துப் படகின் இருபுறமும் தள்ளி மிதக்கும்படி கட்டினேன். பாய் கட்டினால் படகு சாயும், அதைத் தாங்கப் பக்கத்தில் மிதவைகள் வேண்டும். அடுத்தது பக்கப் பலகை. இந்தப் படகுக்கு அடியில் பிடிமானம் எதுவும் இல்லை. பக்கவாட்டில் காற்றடித்தால் ஐஸ்மேல் வைத்த தட்டுபோல வழுக்கிக்கொண்டே போகும். ஒரு பலகையைப் பக்கத்தில் தண்ணீருக்குள் இறக்கினால்தான் அந்த வழுக்கல் நின்று, காற்றின் விசை படகை முன்னால் தள்ளும்.

பாய்தான் எனக்கு மிகப் பிடித்த வேலை. முதலில் தார்ப்பாலின் பாய் ஒன்று தைத்தேன். சப்பையாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, பாய் என்பது சப்பைத் துணி அல்ல. அதற்குக் காற்றைப் பிடிக்கும் அளவான தொப்பை வேண்டும். அந்தத் தொப்பை துணியின் இழுபடலில் வரக் கூடாது, வெட்டில் வர வேண்டும். ஜாக்கெட்டுக்கு டார்ட் பிடிப்பது போலத்தான். பட்டை பட்டையாக வெட்டி, ஓரத்தை லேசாக வளைத்துத் தைத்தால் தட்டையான துணி குழிவாகிவிடும். பதினொரு வருடம் நான் தைத்தது பனியன் துணி. பின்னலாடையின் குணமே இழுபடுவது. நூல் அதில் வளையம் வளையமாகக் கோத்திருக்கும், உடம்பு கேட்கிற பக்கமெல்லாம் கொடுக்கும். பாய்த் துணி அதற்கு நேர் எதிர். பாவும் ஊடும் இறுக நெய்த பாலியஸ்டர். கொடுக்கக் கூடாது. கொடுத்தால் காற்று கூடும்போது தொப்பையும் கூடும், படகு சாயும். கூடாரம் தைக்கிற பாலியஸ்டர் துணியில் சிவப்பு நிறமாகப் பார்த்து வாங்கினேன். விசை அதிகம் விழும் ஓரத்துக்கு நேராக இழை போகும்படி வெட்டினேன். ஜிக்ஜாக் தையல் போட்டேன். தையல் நேராக ஓடினால் காற்று இழுக்கும்போது நூல் அறும். வளைந்து ஓடினால் தையல் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். யாரும் வாங்காத அந்த மெஷின் திண்ணையில் மறுபடி ஓட ஆரம்பித்தது. உள்ளாடைக்கு எலாஸ்டிக் வைத்துத் தைத்த மெஷின்.

மனைவி முதல்முறையாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். துணி நழுவாமல் பிடித்துக் கொடுத்தாள். "டெலிவரி என்னைக்குங்க?" என்று கேட்டாள். நக்கல்தான். ஆனால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இந்தப் படகுக்கு டெலிவரி தேதி கிடையாது. பையர் கிடையாது. திருப்பி அனுப்ப மாட்டார்கள். அதனால்தான் நான் அதில் எதையாவது சேர்த்துக்கொண்டே இருந்தேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது படகை நல்லதாக்குகிறேன் என்றுதான் நினைத்தேன்.

*

மூலனூரிலிருந்து கிளம்பினால் திண்டுக்கல், மதுரை, மானாமதுரை, இராமநாதபுரம் என்று காரில் ஆறு மணி நேரத்துக்குமேல். பிரப்பன்வலசைப் பக்கத்துக் கரையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அந்த நிலப்பகுதிக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ளவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்று வந்தால் இது தலைகீழ். வடகடல் ஆழமும் குறைவு. என்னைப் போன்றவனுக்கு ஆடி ஆவணியின் வடகடல்தான் சரி என்று நினைத்தேன்.

அங்கேதான் பெரியவரைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். பனை நிழலில் உட்கார்ந்து நண்டு வலை ஒக்கிட்டுக்கொண்டிருந்தார். இளவயதில் பாய் வைத்த வத்தையில் போனவர். இப்போது மகன்கள் பைபர் படகில் எஞ்சின் வைத்துப் போகிறார்கள். என் படகை மேலும் கீழும் பார்த்தார். பாயைத் தொட்டுப் பார்த்தார். துணியை இரண்டு விரலில் கிள்ளி இழுத்தார். "தையல் நல்லாருக்கு" என்றார். பிறகு கேட்டார். "விழுந்தா ஏறத் தெரியுமா தம்பி?"

"நீச்சல் தெரியுமுங்க அண்ணே. சின்ன வயசுல கிணத்துல கத்துக்கிட்டது."

"நீச்சலக் கேக்கல. ஏறத் தெரியுமான்னு கேட்டேன்."

"லைப் ஜாக்கெட் இருக்குதுங்க. ரெண்டு பக்கமும் மிதவை வேற போட்ருக்கறேன். கவுறாதுங்க."

அவர் மறுபடி வலையை எடுத்துக்கொண்டார்.

ஆனாலும் கற்றுக்கொடுத்தார். அந்த வருடம் ஆவணி, புரட்டாசியில் மாதம் இரண்டு ஞாயிறு போனேன். வாடைக்காலம் முழுக்கப் போகவில்லை. மறுபடி 2023 சித்திரையில் தொடங்கினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடல் அமைதியாக இருக்கும். கரையில் இருக்கும் கடலோரப் போலீஸிடம் பேரும் செல் நம்பரும் எழுதிக்கொடுத்துவிட்டு, கண்ணுக்கெட்டும் தூரத்துக்குமேல் போவதில்லை என்று சொல்லிவிட்டு இறங்குவேன்.

காற்றின் பெயர்களை அவர்தான் சொன்னார். மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வருவது கச்சான், தெற்கிலிருந்து வருவது சோழகம், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை. எங்கள் ஊரில் எல்லாமே காற்றுதான். மிஞ்சிப்போனால் ஆடிக்காற்று. "கச்சான் எங்கருந்து வருது தெரியுமா? ஒங்க ஊருப் பக்கமிருந்துதான்" என்று மேற்கே கையைக் காட்டினார். காற்றாலையைச் சுற்றிவிட்டுக் கிழக்கே போன காற்று எங்கே போகிறது என்பதற்கு அன்று பதில் கிடைத்தது. அது என்னைத் தாண்டிக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த வாக்கியத்தின் ஆபத்தான பாதியை நான் கவனிக்கவில்லை.

பாயின் இருபுறமும் கோன் நூலில் ஒரு சாண் துண்டுகளை ஒட்டியிருந்தேன். காற்று பாயின்மேல் ஒழுங்காக வழிந்தால் உள்நூலும் வெளிநூலும் ஒன்றுபோலப் பின்னால் பறக்கும். உள்நூல் துள்ளினால் பாயை இழுக்க வேண்டும், வெளிநூல் துள்ளினால் தளர்த்த வேண்டும். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாயும் போகாது. நல்ல பாய்ப்படகு காற்றுக்கு 45 பாகை வரை நெருங்கும். என்னுடையது 60ஐத் தாண்டினால் படபடக்கத் தொடங்கிவிடும். அதனால் காற்றை நோக்கி வர வேண்டுமானால் இந்தப் பக்கம் சாய்ந்து கொஞ்சம், அந்தப் பக்கம் சாய்ந்து கொஞ்சம் என்று வளைந்து வளைந்து ஏற வேண்டும். பாயோடு சேர்த்து மிதித்தால் இன்னும் கொஞ்சம் நெருங்கலாம். அந்தக் கலவை பிடிபட்ட நாளில் பெடலும் பாயும் சேர்ந்து படகை இழுத்துக்கொண்டு ஓட, பின்னால் விட்ட தூண்டிலில் ஒரு சீலா மாட்டியது. முழங்கை நீளம். கரைக்கு வந்து பெரியவரிடம் கொடுத்தேன். "ஒங்க வீட்டுக்குக் கொண்டு போங்க தம்பி, புள்ள பாக்கட்டும்" என்றார்.

பாக் நீரிணையின் பழைய பாய்ப்படகுகளில் காற்றடிக்கும் பக்கமாக ஒரு நீளப் பலகையை வெளியே நீட்டியிருப்பார்கள். காற்று கூடினால் ஆட்கள் அந்தப் பலகையில் ஏறி நிற்பார்கள். சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தப் படகுகளைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். பெரியவர் அதைச் சொல்லும்போது எழுந்து நின்றே காட்டினார். முழங்காலை மடக்கி, பின்னால் சாய்ந்து, இல்லாத கயிற்றைப் பிடித்துக்கொண்டு. "மனுசந்தான் எடை. காத்துக்குத் தக்கன நாம நகரணும். ஒம் மிதவ நகராது தம்பி."

*

2023 ஜூன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகனையும் கூட்டிப் போயிருந்தேன். பதின்மூன்று வயது. கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

காலை பத்து மணிக்குமேல் கச்சான் கூடியது. கரைக்கு முதுகு கொடுத்து அடிக்கிற காற்று என்பதால் கரையோரம் அலையே இல்லை. தண்ணீர் கண்ணாடி. அதுதான் ஏமாற்றுகிறது. உள்ளே போகப்போகத்தான் அதன் பலம் தெரியும். ஒன்றரை கிலோமீட்டர் போல வந்திருப்பேன். திரும்பலாம் என்று சுக்கானைத் திருப்பியபோது வலப்பக்க மிதவை மேலே வரவில்லை. குழாய் மூடியில் எங்கோ விரிசல். வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, தண்ணீர் பட்டுச் சுருங்கி, மாறி மாறி ஒட்டு விட்டிருக்க வேண்டும். குழாய் பாதி நிரம்பியிருந்தது. அடுத்த காற்றடியில் பாய் அந்தப் பக்கமாகவே சாய்ந்தது. நான் கயிற்றை விடுவதற்குள் தண்ணீருக்குள் இருந்தேன்.

மேலே வந்து பார்த்தபோது படகு தலைகீழாகக் கிடந்தது. புரட்டப் பார்த்தேன். அசையவில்லை. மிதவைகளின் குணம் அப்போதுதான் விளங்கியது. நிமிர்ந்திருக்கும் படகைக் கவிழாமல் காக்கிற அதே மிதவை, கவிழ்ந்த படகை நிமிராமலும் காக்கும். கீழே பாய் தண்ணீரை அள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் தைத்த தொப்பை. பெடல் அமைப்பைக் கயிறு போட்டுக் கட்டியிருக்க வேண்டும், கட்டவில்லை. அது கழன்று கடலுக்குள் போய்விட்டது. துடுப்பு எட்டாத தூரத்தில் மிதந்து போனது.

ஏறப் பார்த்தேன். அடிப்பாகம் வழுவழுப்பாக இருந்தது, கை பிடிக்க எதுவுமில்லை. நான் நீச்சல் கற்றது எங்கள் தோட்டத்துக் கிணற்றில். இடுப்பில் சுரைப்புருடையைக் கட்டி அப்பா தூக்கி எறிவார். குதிப்போம், நீந்துவோம், படியைப் பிடித்து ஏறிவிடுவோம். எந்தப் பக்கம் நீந்தினாலும் ஒரு சுவர் இருக்கும். நான் கற்றதெல்லாம் சுவர் இருக்கிற தண்ணீரை. நாலைந்து முறை எம்பி விழுந்ததில் தோள் விட்டுப்போனது. அதன்பின் படகின் முனையைப் பிடித்துக்கொண்டு விசிலை ஊதினேன். காற்று அதையும் என்னோடு சேர்த்து வடக்கே கொண்டுபோனது. கரையின் பனைகள் குட்டையாகிக்கொண்டே வந்தன. அந்தப் பக்கம் போனால் எல்லைக்கோடு. கரையில் மகன் இருக்கிறான் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை.

அவன் சிவப்புப் பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பாய் காணாமல் போனதும் முதலில் நான் இறக்கிவிட்டேன் என்று நினைத்தானாம். இருபதுவரை எண்ணினானாம். பிறகு பெரியவரிடம் ஓடியிருக்கிறான். "தாத்தா, செவப்புத் தெரியல." அவர் வேறெதுவும் கேட்கவில்லை. மகன்களில் ஒருவரைக் கூப்பிட்டு பைபர் படகைத் தள்ளினார்கள்.

என்னைத் தூக்கிப் போட்டபோது ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பெரியவர் கத்தியை எடுத்து மிதவைக் கயிறுகளை அறுத்தார், பாயை உருவினார். பிறகு மகனும் அவருமாக ஒரே புரட்டில் படகை நிமிர்த்திவிட்டார்கள். அன்று கேட்டேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரையில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். கை நடுங்கியதில் பாதி மார்பில் கொட்டியது.

மகனும் பேசவில்லை. மானாமதுரை தாண்டியபின்தான் வாயைத் திறந்தான்.

"ப்பா, மேல ஏறிப் பழகவே இல்லியா நீங்க?"

"இல்ல கண்ணு."

"பாய் தைக்க எத்தன நாள் ஆச்சு?"

"ஒரு மாசம் ஆச்சு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது. நான் கற்ற கிணற்றில் 2017க்குப் பிறகு தண்ணீர் இல்லை. பாட்டில்களும் பழைய மல்ச்சிங் ஷீட்டும் கிடக்கின்றன.

*

மனைவியிடம் இரண்டு நாள் சொல்லவில்லை. மகன் சொல்லிவிட்டான். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. வாசலில் கிடந்த படகை ஒரு மாதம் அவள் சுற்றிப்போனாள். ஸ்டூலுக்குக் கீழே கோலம் போடும் இடத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொண்டாள். ஆடி பிறந்தபோது கேட்டாள். "அதுல விழுந்து ஏறறதுக்கு ஒரு வழி இருக்குதுன்னு பையன் போன்ல காட்டறான். நெசமாலுமே இருக்குதுங்களா?"

இருந்தது. அதில் பெரிய வித்தை எதுவுமில்லை. கவிழ்ந்த படகின் குறுக்கே படுத்து மறுபக்க விளிம்பைப் பிடித்து, உடம்பின் எடையோடு பின்னால் சாய்ந்து விழுந்தால் படகு நிமிர்ந்துகொள்ளும். பிறகு பக்கவாட்டிலிருந்து ஏற வேண்டும். காலைக் கீழே தொங்கவிட்டால் கால் படகுக்கு அடியில் போய்விடும், ஏற முடியாது. நீந்துவதுபோல உடம்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, காலை உதைத்து, வயிற்றை முதலில் உள்ளே போட வேண்டும். பிறகு புரண்டு உட்கார வேண்டும். கடைசியாகத்தான் கால். வயிறு, இடுப்பு, கால். அவ்வளவுதான்.

மிதவைகளைக் கழற்றினேன். இனி அவை இல்லாமல்தான். பாய்மரத்தை ஒரே இழுப்பில் கழன்று விழும்படி மாற்றினேன். புதிதாக வாங்கிய பெடல் அமைப்புக்கும் துடுப்புக்கும் கயிறு போட்டேன். பாதி விலைக்குப் பழைய பாயின் துணியை அறுத்து மகனுக்கு ஒரு பை தைத்தேன், விசிலும் தண்ணீர் பாட்டிலும் வைக்க.

முருங்கைக் காட்டுக் குட்டைக்கு மூன்று பேரும் போனோம். பண்ணைக்குட்டையில் விழுந்தவர்கள் நீச்சல் தெரிந்தும் செத்திருக்கிறார்கள். ஷீட் வழுக்கும், ஏற முடியாது. அதனால் முடிச்சுப் போட்ட கயிறுகளை நான்கு பக்கமும் தொங்கவிட்டோம். என் லைப் ஜாக்கெட்டில் ஒரு கயிறு. அதன் மறுமுனையை மேட்டில் உட்கார்ந்து மனைவி கையில் சுற்றிக்கொண்டாள்.

முதல் நாள் எட்டு முறை விழுந்து இரண்டு முறைதான் ஏறினேன். எதிர்வீட்டு மாமாவும் வந்திருந்தார். "ஏனுங் மாப்ள, ரெண்டு மெஷின வித்துப்போட்டு விழுந்து விழுந்து எந்திரிக்கறீங்களே" என்றார். அவருக்குத் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, சரியாகத்தான் சொன்னார். யூனிட் விழுந்தபோதும் நான் செய்தது அதுதான். ஏறுவதற்குப் பழகவில்லை. வேறொன்றைக் கட்டத் தொடங்கினேன்.

மூன்றாவது ஞாயிறு மகன் இறங்கினான். இடுப்பில் கட்டச் சுரைப்புருடை கிடைக்கவில்லை. லைப் ஜாக்கெட்தான். முதல்முறை விழுந்து இருமினான். மனைவி பாதி எழுந்துவிட்டாள். கயிறு விரைத்தது. "இழுக்காதீங்கம்மா!" என்று தண்ணீருக்குள்ளிருந்தே கத்தினான். அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டாள். அவன் காலை உதைத்தான். வயிறு. புரண்டான். இடுப்பு. கால். ஆரஞ்சுப் படகின் நடுவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினான்.

காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே காற்றாலைகள் ஒரே திசையைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. நாளை மறுநாள் இந்தக் காற்று பெரியவரின் பனைமரங்களை ஆட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படிக் கணக்காகப் போகாது என்று தெரியும். இருந்தாலும் நினைத்துக்கொண்டேன்.

வெயில் இறங்கியதும் கிளம்பலாம் என்றேன். மனைவி எழவில்லை. கையில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து என்னிடம் நீட்டினாள்.

"எங்கூட்டுக் கெணத்துல பசங்க மட்டுந்தான் குதிப்பாங்க. நாங்க மேல நின்னு துணி வெச்சுட்டு இருப்போம்" என்றாள். "இதப் புடிங்க. ஒருக்கா நானும் விழுந்து பாக்கறேன்."